எங்கள் வீட்டு ஒரே பிரஷ்

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் இதைப் படித்தால் முதலில் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்துக்கொள்வார்கள். நம் டீச்சரிடம் பழகிய பழக்கம் அது. காலையில் பிரேயர் முடிந்தாலும் யாரும் வகுப்புக்குள் போக முடியாது. முதலில் நகம், அப்புறம் தலை, கடைசியாகப் பல். "ஈ காட்டு" என்பார். மலையைப் பார்த்து நின்றபடி ஒரு பள்ளிக்கூடமே ஈ என்று பல்லைக் காட்டும். ரோட்டில் மலை சுற்றிப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் ஒருநாள் நின்று, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். இதுவும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார் போல.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, பல் பிடுங்கி வீங்கிய கன்னத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். நம்மில் பாதிப் பேருக்கு இப்போது கட்டுப்பல்தான். ஆளாளுக்கு டீச்சரை நினைத்துக்கொண்டு என்னென்னவோ எழுதினீர்கள். நான் எப்போதும்போலக் கும்பிடு படம் ஒன்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பத்தாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. தையல் மெஷின்தான் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் அன்றைக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்டது மனசிலேயே கிடந்தது. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

நாம் மூன்றாவது படித்த வருஷம். அந்த ஐப்பசியில்தான் டீச்சர் புதிதாக வந்தார். வந்த வாரமே கைப்பம்புக்குப் பக்கத்தில், ஒரு பழைய வலைத் துணியில் சிவப்பு சோப்பைக் கட்டித் தொங்கவிட்டார். சத்துணவுக்கு முன்னால் எல்லாரும் அதைத் தேய்த்துக் கை கழுவ வேண்டும். அந்த சோப்பின் வாசனை ஆஸ்பத்திரி வாசனை. சாம்பார் சோற்றோடு சேர்த்து அதையும் சாப்பிட்ட மாதிரிதான் இருக்கும். ஒரு நாள் மலைப் பக்கமிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று வலையோடு சோப்பைப் பிய்த்துக்கொண்டு புளிய மரத்தில் ஏறிவிட்டது. ஏறிய வேகத்தில் கடித்தும்விட்டது. வாயெல்லாம் நுரை. நாம் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தோம். டீச்சர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாருங்க, அதுவே பல்லு தேச்சிட்டுது. உங்கள்ல இன்னிக்கு யாரு தேய்க்கல?"

அன்று பொய் சொல்லத் தோன்றாமல் பாதி வகுப்பு கை தூக்கியது.

பல்பொடி நாள் ஞாபகம் இருக்கிறதா? ரோஸ் கலர் பொடியை ஆளுக்கு ஒரு சிட்டிகை உள்ளங்கையில் போட்டார். கிராம்பு வாசனை, நாக்கில் வைத்தால் இனிப்பு. தேய்க்கச் சொன்னதை நாம் நக்கித் தின்றுவிட்டு இன்னொரு தடவை கை நீட்டினோம். டீச்சருக்குக் கோபம் வரவில்லை. "சரி, வயிறு சுத்தமாயிடுச்சி. இப்ப பல்லுக்கு வருவோம்" என்றார்.

அதற்கப்புறம்தான் ஒரு நாள் கேட்டார், "யார் வீட்ல பிரஷ் இருக்குது?" என்று.

ஒரு கையும் எழவில்லை. நமக்கெல்லாம் வேப்பங்குச்சி, இல்லாவிட்டால் அடுப்புச் சாம்பல். பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் எதையும் வீட்டில் போய்ச் சொல்லாத நான், அன்று ராத்திரி சாப்பிடும்போது இதை மட்டும் சொன்னேன். அப்பா கை கழுவும்போது, "அது எப்பிடிம்மா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அப்பா கழனியில் விளைந்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், டவுனில் விற்றுவிட்டு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பச்சை பிரஷ். விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருப்பது பச்சையாகத் தெரியும்.

"டாக்டர் வீட்ல எல்லாம் இதுதான் வெச்சிருக்காங்களாம். கடக்காரரு சொன்னாரு" என்றார்.

அண்ணன் அதை வாங்கித் தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்தான். அம்மா, "முள்ளு மாதிரி இருக்குதே, ஈறு கிழியாதா?" என்று கேட்டாள். ஒன்றுதானே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் சீப்பு ஒன்று, கண்ணாடி ஒன்று, டார்ச் லைட் ஒன்று. பிரஷும் ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து, பிரஷ் காம்பின் ஓட்டையில் நூல் கோத்து அப்பா மாட்டினார். மறுநாள் காலை, "பள்ளிக்கூடத்துப் புள்ளதான் மொதல்ல" என்று என்னிடம் கொடுத்தார். எனக்கப்புறம் அண்ணன், அண்ணனுக்கப்புறம் அப்பா. அம்மா கடைசியாக, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, புதுப் புடவையைக் கட்டிப் பார்க்கிறவள் மாதிரி வெட்கத்தோடு தேய்த்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் மறுபடி அதையே கேட்டபோது நான் கை தூக்கினேன். டீச்சர் என்னை எழுப்பி நிற்க வைத்தார்.

"பாருங்க. வாயே தொறக்காத பொண்ணு. காரியத்துல எப்பிடி இருக்குது பாருங்க. எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினீர்கள். எனக்குக் காது சுட்டது. அதுவரை எனக்காக யாரும் கை தட்டியதில்லை. பேசாத பிள்ளை ஒழுங்கான பிள்ளை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். எனக்குப் பேசப் பயம், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தப்புக் கணக்கால்தான் நான் முன்னால் வந்தேன்.

தீபத் திருவிழாவில் தேர் முடிந்த மறுநாள் எல்லாரும் திடலில் நின்று பல் தேய்த்துக் காட்ட வேண்டும் என்று டீச்சர் அறிவித்தார். பிரஷ் உள்ளவர்கள் முன் வரிசை, இல்லாதவர்கள் விரலால் தேய்த்துக்கொண்டு பின் வரிசை. முன்னால் நின்று வழி காட்டப் போவது நான். அப்போது அந்த வரிசை யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. பின்னால் நிற்கப் போகிறவர்களுக்கும் தெரியவில்லை.

அதே வாரத்தில்தான் டீச்சர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்.

"ஒருத்தர் பிரஷ்ஷ இன்னொருத்தர் வாயில வெக்கவே கூடாது. இவங்க வாயில இருக்கற கிருமி அவங்களுக்குப் போயிடும். அண்ணன் தம்பியா இருந்தாலும் தனித்தனி. புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் தனித்தனி."

புருஷன் பொண்டாட்டி என்றதும் வகுப்பு சிரித்தது. என் எதிர்வீட்டுப் பையன் மட்டும் எழுந்தான்.

"டீச்சர், அவ வீட்ல எத்தினி பிரஷ்னு கேளுங்க டீச்சர்."

"நீ உக்காருடா. பிரஷ் இல்லாமயா கை தூக்குவா?"

நான் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவன் பின்னாலேயே வந்தான். "ஊர் பிரஷ்! ஊர் பிரஷ்! நாளைக்கு நானும் வரட்டா, ஒரு தேய் தேச்சிக்கறேன்!"

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நான் குடிச்ச டம்ளர்லயே உங்கப்பா குடிப்பாரு. இதுல இன்னா வந்துடும்?"

"கிருமி வருமாம், டீச்சர் சொன்னாங்க."

"கிருமியோ கிரகமோ, ஆசையா வாங்கியாந்தத போயி வேணாம்னு நான் எப்பிடிடி சொல்றது? நீயே சொல்லு."

நான் எங்கே சொல்வது? அதற்குள் தீபத்துக்கு ஆள் வந்துவிட்டது. நம் ஊரில் கார்த்திகை வந்தால் எந்த வீடு காலியாக இருந்தது? எங்கள் வீட்டுக்குப் போளூரிலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, குடும்பத்தோடு வந்துவிட்டார். மாமாவுக்குப் பேச்சு ஜாஸ்தி. சிரித்தால் தெருவுக்கே கேட்கும். மறுநாள் காலையில் அவர் வேப்ப மரத்துப் பக்கம் போனதும் அப்பா தடுத்தார்.

"குச்சி எதுக்கு மச்சான்? நம்ம வீட்ல பிரஷ் இருக்குது."

காபி கொடுக்கிற மாதிரி, துடைத்த கையால் எடுத்து நீட்டினார். மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடேங்கப்பா! பட்டணத்து வாழ்க்கதான் போ!" என்று சொல்லி அரை மணி நேரம் தேய்த்தார். அவருக்கப்புறம் அத்தை, அத்தைக்கப்புறம் அவர்கள் பிள்ளைகள். அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். விருந்தாளிக்குக் கொடுக்க வேறு எந்த வீட்டிலும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது.

எனக்கு வாய் வரவில்லை, கை வந்தது. அம்மாவின் வெந்நீர் அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து, ஒவ்வொருவரும் தேய்த்து முடித்ததும் பிரஷை வாங்கிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கழுவினேன். கிருமி செத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பார்த்து மாமா உருகிவிட்டார்.

"பொண்ண வளத்தா இப்பிடி வளக்கணும்! வந்தவங்களுக்கு வெந்நீர்ல கழுவித் தருது பாரு. மரியாதன்னா இதுதான்."

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். நான் அவர்கள் வாயைப் பார்த்துப் பயந்து கழுவிக்கொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று நாளில் வெந்நீர் பட்டுப் பட்டு பிரஷின் காம்பு வில் மாதிரி வளைந்துவிட்டது. மயிரெல்லாம் நாலு பக்கமும் சாய்ந்து, குளித்துவிட்டுத் தலை சீவாத பிள்ளை மாதிரி ஆனது. அதை எடுத்துக்கொண்டுதான் திடலில் நிற்க வேண்டும். இது உன்னுடையதா என்று டீச்சர் கேட்பார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அப்பா ஆசையாகச் செய்த காரியம் அத்தனை பேர் முன்னால் அசிங்கமாகிவிடும். தேர் பார்க்கப் போன அன்று, அத்தனை கூட்டத்தில், அத்தனை சத்தத்தில், தேர் அசைந்து வந்தபோதும் எனக்கு இதே யோசனைதான்.

மறுநாள் விடிந்தது. தொட்டியடியில் எல்லாரும் நின்றிருந்தார்கள். பிரஷ் அப்பா கையில் இருந்தது. தன் முறை வரும் வரை சும்மா நிற்க முடியாமல் மாமா ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து மென்றுகொண்டிருந்தார். அவருடைய சின்ன மகன் அதற்குக் கை நீட்டினான்.

"எனக்குக் குடுப்பா."

"ச்சீ, எச்சக் குச்சிடா இது. இரு, வேற ஒடிச்சித் தர்றேன்."

ஒடித்தும் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன் குச்சியை வேலிப் பக்கம் எறிந்தார். அப்புறம் அப்பா தேய்த்து முடித்த பிரஷுக்கு அதே கையை நீட்டினார்.

எனக்குள் என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் பேசிய பிறகுதான் பேசியது நான் என்று தெரிந்தது.

"குச்சி எச்சன்னா பிரஷ்ஷும் எச்சதானே மாமா?"

மாமாவின் கை அப்படியே நின்றது. "இன்னாடி இது! உனக்கு வாய் இருக்குதா?" என்று சிரிக்கப் பார்த்தார். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

"யார்கிட்ட பேசற நீ?" என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆரம்பித்தாகிவிட்டது.

"நீ மென்ன குச்சிய மாமாவுக்குத் தருவியாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். கையில் இருந்த பிரஷைப் பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிரஷோடு வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கமாக வெளியே வந்து கழனிக்குப் போய்விட்டார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

நான் வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனேன்.

திடலில் டீச்சர் பல்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். தலைமை ஆசிரியரின் மகளும் இன்னும் மூன்று நாலு பேரும் இதற்கென்றே வாங்கிய புது பிரஷோடு முன் வரிசையில் நின்றிருந்தார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"எங்க உன் பிரஷ்?"

எதிர்வீட்டுப் பையன் பின்னால் நின்று செருமினான். நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

"அது என்னுது இல்ல டீச்சர். எங்க வீட்ல எல்லாருக்கும் அது ஒண்ணுதான். அதான் எடுத்தாரல."

டீச்சர் பல்பொடி டப்பாவை மூடித் திறந்தார். கைதட்ட வைத்தது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். "சரி, பின்னால போயி நில்லு" என்றார். திட்டவில்லை. போனேன்.

விரலில் பொடியை வைத்தபோதுதான் கேட் பக்கம் யாரோ இருமியது கேட்டது. அப்பா. முழங்கால் வரை சேறு. மடித்துக் கட்டிய வேட்டி. தோள்துண்டில் ஏதோ சுற்றிக் கையில் அணைத்துப் பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. என்னைச் சேர்க்கக்கூட அம்மாதான் வந்தாள்.

"டீச்சர், உள்ள வரலாங்களா?"

"வாங்க. நீங்க யாரு?"

"அந்தக் கடைசியில நிக்கிற பொண்ணோட அப்பங்க." அப்பாவுக்கும் என்னை மாதிரிதான், புது ஆளிடம் பேச்சு வராது. துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்ல பிரஷ் ஒண்ணுதாங்க. அதையே எல்லாரும் போட்டுத் தேய்ச்சிட்டோம். தெரியாமதாங்க. காலைல இவ ஒரு கேள்வி கேட்டா. கழனில நிக்கறேன், வேலையே ஓடலீங்க."

"இன்னா கேட்டா?"

"நீ மென்ன குச்சிய மாமாவுக்குத் தருவியான்னு கேட்டாங்க."

டீச்சர் வரிசைக்குப் பின்னால் எட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. கைதட்டலைவிட அது பெரிசு.

அப்பா துண்டைப் பிரித்தார். அத்தனையும் வேப்பங்குச்சி. ஒரே நீளத்துக்கு அரிவாளால் நறுக்கி, பட்டை உரிந்த இடத்தில் இன்னும் ஈரமாக, கசப்பு வாசனையோடு.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் பிரஷ் வாங்கறதுன்னா நம்ம ஜனங்களால ஆகாதுங்க. குச்சின்னா ஆளுக்கு ஒண்ணு ஆவும். ஒருத்தருது ஒருத்தருக்குப் போவாது. அதான்..."

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்ல வேல பண்ணீங்க. ஆனா சேத்துக் கையோட தரக் கூடாது. அங்க சோப்பு இருக்குது, போயி கழுவிட்டு வாங்க."

அப்பா ஓடிப் போய்க் கைப்பம்பில் கை கழுவினார். விரல் இடுக்கெல்லாம் கழுவச் சொல்லி டீச்சர் இங்கிருந்தே கத்தினார். அப்புறம் அப்பா வரிசை வரிசையாக வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். என்னிடமும் வந்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். ஆனால் கொடுக்கும்போது குச்சியைச் சட்டென்று விடாமல் ஒரு நொடி பிடித்திருந்தார்.

"நீங்களே மொதல்ல தேய்ச்சிக் காட்டுங்க" என்றார் டீச்சர்.

அப்பா மென்று, மரம் அறுக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தார்.

"ஐயையோ, அறுக்காதீங்க! ஈறு தேஞ்சிடும். மேல் பல்லுன்னா மேலேருந்து கீழ இழுங்க. கீழ் பல்லுன்னா கீழேருந்து மேல. மெதுவா."

"இப்பிடிங்களா?"

"இன்னும் மெதுவா."

பள்ளிக்கூடமே சிரித்தது. அப்பாவும் வாயில் குச்சியோடு சிரித்தார். முன் வரிசை பின் வரிசை என்று அப்புறம் ஒன்றும் இல்லை. பிரஷ் வைத்திருந்தவர்களும் குச்சி கேட்டார்கள். எதிர்வீட்டுப் பையன் இரண்டாவது தடவை கை நீட்டி, "ஆளுக்கு ஒண்ணுதாண்டா" என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவன் இப்போது நம் குழுவில்தான் இருக்கிறான், இதைப் படிப்பான். படிக்கட்டும்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது அம்மா தீபத்துக்குப் பித்தளை விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கையில் அந்தப் பச்சை பிரஷ். புளியைத் தொட்டு, விளக்கின் கழுத்து இடுக்கில் வைத்துத் தேய்த்தாள். வளைந்த காம்பு அந்த இடுக்குக்குச் சரியாகப் போனது.

"உங்கப்பாதான் காலைல கழனிக்குப் போறப்போ குடுத்துட்டுப் போனாரு. விளக்குக்கு வெச்சிக்கோன்னாரு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கோவமா இருக்காருன்னு நான் பயந்துட்டே இருந்தேன்டி. கோவம் இல்ல. வேற என்னமோ" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் வீட்டில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. மாமா பழக்கத்தில் ஆணிப் பக்கம் போய்த் துழாவினார்.

"இன்னா மச்சான், பிரஷ்ஷ காணோம்?"

"அது விளக்குக்குப் போயிடுச்சி." அப்பா மரத்தடியில் நின்று குச்சிகளை ஒடித்துக்கொண்டிருந்தார். "இனிமே இந்த வீட்ல ஆளுக்கு ஒண்ணுதான். இந்தா, உனக்கு."

"யாரு போட்ட சட்டம் இது?"

அப்பா இன்னொரு குச்சியை ஒடித்து, நுனியைத் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தொட்டியடியில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"எம்பொண்ணு போட்டது."

மாமா என் பக்கம் திரும்பினார். கேலி செய்யத்தான் போகிறார் என்று நினைத்து நான் அம்மாவின் முந்தானைப் பக்கம் நகர்ந்தேன். அவர் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்து நின்றார்.

"சொல்லுங்க டீச்சரம்மா. எப்பிடித் தேய்க்கணும்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

"மேல் பல்லுன்னா மேலேருந்து கீழ மாமா. கீழ் பல்லுன்னா கீழேருந்து மேல. அறுக்கக் கூடாது."

சத்தமாகவே சொன்னேன்.